பதினான்கு மணி நேர நாற்காலி: மாஸ்ட்ரிக்ட் இளைஞர்களின் இன்சுலின் கணக்கு

இருபது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 90, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120 என்று முடிவு வந்தால், வீட்டில் அத்துடன் பேச்சு முடிந்துவிடும். ‘சுகர் இல்லை’ என்ற நிம்மதியோடு அந்தத் தாள் அலமாரிக்குள் போய்விடும். எண்கள் சரியானவைதாம், ஆனால் அவை பாதிக் கணக்கைத்தான் காட்டுகின்றன. சர்க்கரையை 120-க்கு இறக்கிக் கொண்டுவரக் கணையம் எவ்வளவு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருந்தது என்பது அந்தத் தாளில் இருக்காது. ஒருவருக்குக் கொஞ்சம் இன்சுலினிலேயே நடந்துவிடுகிற வேலை, இன்னொருவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு செலவழித்தால்தான் நடக்கும். இருவருடைய சர்க்கரை எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

உடலுழைப்பு இல்லாத இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இளம் கணையம் வலுவானது. அது பல ஆண்டுகள் கூடுதல் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். அந்தக் கூடுதல் வேலையை மென்மையான உடல் அசைவு, அதாவது சாதாரண நடையும் நிற்பதும், எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதற்கு நான் அறிந்தவரையில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் டுவிவியர், நிக்கோலாஸ் ஸ்காப்பர், ஹான்ஸ் சாவெல்பெர்க் முதலியோர் நடத்தி 2013-இல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. இந்த எழுத்து அந்த ஆய்வைப் பற்றியது.

ஒரே ஆள், மூன்று விதமான நாள்கள்

ஆய்வில் பங்கேற்றவர்கள் 18 பேர். சராசரி வயது 21. சராசரி உடல் நிறைக் குறியீடு 22.6. நோய் ஏதும் இல்லாத, பருமன் இல்லாத, கல்லூரி வயதினர். அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று விதமான வாழ்க்கை முறைகளை, ஒவ்வொன்றும் நான்கு நாள் வீதம், குலுக்கல் முறையில் அமைந்த வரிசையில் வாழ்ந்து காட்டினார்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே ஆளை அவரோடு ஒப்பிடும் அமைப்பு இது. எண்ணிக்கை சிறிதாக இருந்தும் இந்த ஆய்வுக்கு மதிப்பு வருவது இதனால்தான். ஏனென்றால், இன்சுலின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். வேறு வேறு ஆள்களை வைத்து ஒப்பிட்டால் அந்த வேறுபாட்டிலேயே விளைவு மூழ்கிப்போகும்.

முதல் முறையில் நாளொன்றுக்கு 14 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கத்தைக் கழித்துவிட்டால் விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ முழுவதுமே இருக்கைதான். கேட்பதற்கு மிகையாகத் தோன்றலாம். தேர்வுக்குப் படிக்கும் விடுமுறை நாள்களில் ஒரு மாணவரின் நாளை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரண்டாவது முறையில் 13 மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு மணி நேரம் மட்டும் மூச்சு வாங்கக் கடுமையாக மிதிவண்டி மிதிக்க வேண்டும். மூன்றாவது முறையில் கடுமையான பயிற்சி எதுவும் கிடையாது. உட்காரும் நேரத்தில் ஆறு மணி நேரத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நான்கு மணி நேரம் சாவகாசமான நடை, இரண்டு மணி நேரம் நிற்பது.

இந்த அமைப்பின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது முறையிலும் மூன்றாவது முறையிலும் ஒரு நாளில் செலவாகும் ஆற்றல் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் எரிக்கும் கலோரியை ஒரு பக்கமும், அதே கலோரியை ஆறு மணி நேரத்தில் பரப்பி எரிப்பதை மறுபக்கமும் வைத்தாயிற்று. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே உட்காரும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, பலன் தருவது கலோரியா, அல்லது உட்காராமல் இருக்கும் நேரமா என்ற கேள்வியைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

பங்கேற்பாளர்கள் சொன்னபடி நடந்தார்களா என்பதை அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பை மட்டும் நம்பித் தீர்மானிக்கவில்லை. தொடையின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று, ஆக்டிவ்பால் என்று பெயர், அவர்கள் உடலிலேயே இருந்தது. உட்காரும்போது தொடை தரைக்குக் கிடையாகவும், நிற்கும்போது செங்குத்தாகவும் இருக்கிறதல்லவா. அந்தச் சாய்வை வைத்து உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று கருவி பிரித்தறியும். கையில் கட்டும் கடிகாரத்தால் இதைச் சரியாகச் சொல்ல முடிவதில்லை. நாற்காலியில் அமர்ந்தபடி கையை ஆட்டிப் பேசுபவரும், அசையாமல் வரிசையில் நிற்பவரும் கைக்கருவியின் கணக்கில் இடம் மாறிப்போகக்கூடும்.

ஐந்தாம் நாள் காலை

நான்கு நாள் முடிந்த மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. இந்தச் சோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் காலைப்பொழுது மறக்காது. முன்னிரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்து முதல் ரத்தம் கொடுத்ததும், ஒரு தம்ளர் தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துத் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாதியிலேயே தொண்டையில் திகட்டும், சிலருக்குக் குமட்டும், அதற்காகவே சில பரிசோதனைக் கூடங்களில் எலுமிச்சம்பழம் பிழிந்து தருவதும் உண்டு. குடித்த பிறகு நடமாடக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடக் கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடமாடக் கூடாது என்று சொல்வதன் காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. நடந்தால் எண் குறைந்துவிடும். அசைவு சர்க்கரையைக் குறைக்கும் என்ற உண்மை அந்தச் சோதனையின் விதிமுறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

மருத்துவமனையில் வழக்கமாக இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையை மட்டும் பார்ப்பார்கள்: 140-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை தாங்குதிறன் குறைவு, 200-உம் அதற்கு மேலும் நீரிழிவு. ஆய்வுகளிலோ இடையிடையே பல முறை ரத்தம் எடுத்து, சர்க்கரையோடு இன்சுலினையும் அளந்து, அது ஏறி இறங்கும் கோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுவார்கள். அந்தக் கனமான இனிப்பைச் சமாளிக்க உடல் மொத்தத்தில் எவ்வளவு இன்சுலினை ரத்தத்தில் வைத்திருக்க நேர்ந்தது என்பதை அந்தப் பரப்பு சொல்லும்.

மாஸ்ட்ரிக்டில் கிடைத்த பரப்புகள் இவை. உட்கார்ந்தே கழித்த நான்கு நாளுக்குப் பின் 7752. தினமும் ஒரு மணி நேரம் கடுமையாக மிதிவண்டி மிதித்த நான்கு நாளுக்குப் பின் 8320. நடந்தும் நின்றும் கழித்த நான்கு நாளுக்குப் பின் 6727. அதே ஆள்கள், அதே அளவு குளுக்கோஸ். உட்கார்ந்த நாள்களைவிட ஏறத்தாழ 13 சதவீதமும், கடும் பயிற்சி நாள்களைவிட ஏறத்தாழ 19 சதவீதமும் குறைந்த இன்சுலினில் உடல் வேலையை முடித்துக்கொண்டது. ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு, தீமை செய்யும் கொழுப்பைச் சுமக்கும் அபோலிப்போபுரதம் பி ஆகியவையும் உட்கார்ந்த முறையோடு ஒப்பிடுகையில் நடந்த முறையில் குறைந்தன.

இந்த எண்களை முதன்முதலில் படிப்பவர், கடும் பயிற்சி செய்தால் இன்சுலின் கூடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 8320 என்ற சராசரியைச் சுற்றிய சிதறல் மிகப் பெரியது. திட்ட விலக்கமே 5384. ஒருவருக்கு மிகக் குறைவாகவும் இன்னொருவருக்கு மிக அதிகமாகவும் இருந்திருந்தால்தான் இப்படிப்பட்ட சிதறல் வரும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தினம் ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க மிதித்துவிட்டு மீதி 13 மணி நேரம் உட்கார்ந்திருந்த இளைஞர்களிடம், இன்சுலின் பளு குறைந்ததற்கான அடையாளம் நான்கு நாளில் தென்படவில்லை, அதே கலோரியை நாள் முழுவதும் பரப்பிச் செலவிட்டபோது தென்பட்டது.

தசைக்குள் என்ன நடக்கிறது

சாப்பிட்ட உணவிலிருந்து ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் எலும்புத் தசைகள். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழைந்துவிடாது; அதைக் கடத்திவிடும் ஒரு புரதம் வேண்டும். க்ளூட்-4 என்பது அதன் பெயர். சும்மா இருக்கும்போது இந்தப் புரதம் செல்லின் உட்பகுதியில் சிறு பைகளில் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து செல்லின் வெளிச்சுவரில் உள்ள ஏற்பியில் பொருந்தியதும், ஏகேடி என்ற நொதி வழியாகச் செய்தி உள்ளே போய், அந்தப் பைகள் சுவர்ப்பக்கம் வந்து சேர்கின்றன; குளுக்கோஸ் உள்ளே போகிறது. இன்சுலின் எதிர்ப்பு என்று நாம் சொல்வது, இந்தச் செய்தி மந்தமாகிப் போவதைத்தான். மந்தமானால் கணையம் குரலை உயர்த்துகிறது. அதாவது, கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது.

தசை சுருங்கும்போது இன்னொரு வழி திறக்கிறது. சுருக்கத்தின்போது வெளிப்படும் கால்சியமும், செல்லின் ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதியும் இன்சுலினின் துணை இல்லாமலேயே க்ளூட்-4-ஐச் சுவருக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. இன்சுலின் வழி மந்தமாகிவிட்டவர்களிடமும் இந்த வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. நீரிழிவுள்ளவர் சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை இறங்குவதற்குக் காரணம் இது.

இந்த வழிக்கு ஓட்டமும் பளு தூக்குதலும் கட்டாயமில்லை. மெதுவான நடையே போதுமானதாக இருப்பதற்கு, கால் தசைகளின் அளவே முக்கியக் காரணம். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. நாற்காலியில் அமர்ந்த கணத்தில் அவை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. எழுந்து நான்கு அடி வைத்தால் எல்லாம் ஒருசேர இயங்கத் தொடங்கும். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசை இன்னும் கவனிக்கத்தக்கது. மெதுவாகவும் களைக்காமலும் நெடுநேரம் வேலை செய்வதற்கென்றே அமைந்த நார்கள் அதில் மிகுதி. அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாமில்டன் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்கும் ஒரு குறிப்பிட்ட அசைவை நெடுநேரம் செய்தபோது, குளுக்கோஸ் குடித்த பிறகான சர்க்கரை ஏற்றம் 52 சதவீதமும் இன்சுலின் மிகை 60 சதவீதமும் குறைந்தன. நினைத்தபோதெல்லாம் காலை ஆட்டுவதற்கு இந்த எண்கள் பொருந்தா. அது தசையின் மின்னசைவை அளந்து பழக்கிச் செய்யவைத்த அசைவு. இருந்தாலும், உடல் எடையில் சிறு பங்கே உள்ள ஒரு தசை இவ்வளவு சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது, மென்மையான அசைவைக் குறைவாக எடை போட்டுவிட்டோம் என்பதைக் காட்டுகிறது.

கோபன்ஹேகனில் தலைகீழாக

அசைவைக் கூட்டினால் நன்மை என்பதற்கு மாஸ்ட்ரிக்ட் சான்று. அசைவைப் பறித்தால் என்ன ஆகும் என்பதைக் கோபன்ஹேகனில் ரிக்க க்ரோக்-மாட்சன், பெண்டே க்ளார்லுண்ட் பெடர்சன் உள்ளிட்டோர் செய்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான இந்த ஆய்வை மாஸ்ட்ரிக்டோடு சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

ஆரோக்கியமான பத்து இளைஞர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 10,501 அடி நடந்துகொண்டிருந்தவர்களை இரண்டு வாரத்துக்கு 1,344 அடியாகக் குறைத்துக்கொள்ளச் செய்தார்கள். படுக்கையில் கிடத்தவில்லை. படிக்கட்டுக்குப் பதில் லிஃப்ட், நடைக்கும் மிதிவண்டிக்கும் பதில் கார், அவ்வளவுதான். நம் நகரங்களில் வசதி வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இயல்பாகவே நடக்கிற மாற்றம் இது.

இன்சுலின் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்பதை அவர்கள் ‘கிளாம்ப்’ என்னும் முறையில் அளந்தார்கள். ஒரு ரத்த நாளத்தில் இன்சுலின் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை சரியத் தொடங்கும். சரியாமல் ஒரே மட்டத்தில் நிறுத்த, இன்னொரு குழாய் வழியாகக் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டையுள்ள குடத்தில் நீர்மட்டம் குறையாமலிருக்க எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை வைத்து ஓட்டையின் அளவைக் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. அதிகக் குளுக்கோஸ் தேவைப்பட்டால் தசைகள் நன்றாக வாங்கிக்கொள்கின்றன என்று பொருள். இரண்டு வாரச் சோம்பலுக்குப் பிறகு அந்தத் தேவை 17 சதவீதம் குறைந்திருந்தது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடும் அளவில் மாற்றமில்லை; கோளாறு தசைப்பக்கம் இருந்தது. தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, மேலே சொன்ன ஏகேடி நொதி இன்சுலினுக்குத் தூண்டப்படுவதும் குறைந்திருந்தது. கால்களின் தசை எடை குறைந்தது. கைகளிலும் உடற்பகுதியிலும் குறையவில்லை. எந்த உறுப்புக்கு வேலை பறிபோனதோ அந்த உறுப்பில்தான் இழப்பு.

இந்தக் கடைசிக் குறிப்பை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. இளமை இதிலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை. பதினான்கு நாள் போதுமானதாக இருந்தது.

அதைவிடக் குறுகிய கால அளவும் உண்டு. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளவயதினர் 14 பேரை ஒரே ஒரு நாள் உட்காரவைத்து அளந்தபோது இன்சுலினின் செயல்திறன் 39 சதவீதம் குறைந்தது. அன்று செலவான ஆற்றலுக்கேற்ப உணவையும் குறைத்துக் கொடுத்தபோது வீழ்ச்சி 18 சதவீதமாக நின்றது. ஆகவே, உட்கார்ந்திருப்பதன் கெடுதலில் ஒரு பங்கு, அசையாத நாளிலும் வழக்கம்போலவே சாப்பிடுவதால் வருகிறது. மாஸ்ட்ரிக்ட் ஆய்வைப் பற்றி எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விடுதி மெஸ்ஸில் விடுமுறை நாளிலும் அதே அளவு சோறும் அதே அளவு குழம்பும் தட்டில் விழுகின்றன; அன்று வகுப்புக்கும் நூலகத்துக்கும் நடந்த நடை மட்டும் இல்லை.

இந்தச் சான்று எங்கே நின்றுவிடுகிறது

மாஸ்ட்ரிக்ட் ஆய்வின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டுப் பேர், நான்கு நாள். பல மாதங்கள் தொடர்ந்து கடும் பயிற்சி செய்பவரின் தசையில், செல்லுக்கு ஆற்றல் தரும் இழைமணிகள் பெருகும், க்ளூட்-4 புரதமே அளவில் கூடும், இதயத்தின் திறன் உயரும். இவை எதுவும் நான்கு நாளில் நடப்பதில்லை. இதே மாஸ்ட்ரிக்ட் குழுவினர் பின்னர் பருமனானவர்களையும் நீரிழிவு உள்ளவர்களையும் சேர்த்து 61 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டபோது, உட்காரும் நேரத்தைக் குறைத்தால் இன்சுலினும் கொழுப்பும் சீராவதையும், ரத்தக் குழாயின் உட்சுவர் நலனைக் காட்டும் குறியீடுகளோ கடும் பயிற்சியால் மேம்படுவதையும் கண்டார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. மாலையில் கால்பந்து ஆடும் மாணவரிடம் போய், நடந்தாலே போதும், ஆட்டத்தை விட்டுவிடு என்று சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை.

இன்னொரு குறை நடைமுறை சார்ந்தது. தினம் நான்கு மணி நேரம் நடப்பதும் இரண்டு மணி நேரம் நிற்பதும் வகுப்பறையில் அமர வேண்டிய ஒருவருக்கு எளிதன்று. அதனால்தான், உட்காருவதை இடையிடையே சிறிது நேரம் முறிப்பதைப் பற்றிய ஆய்வுகள் இதற்குத் துணையாக வேண்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 45 முதல் 65 வயதுக்குட்பட்ட, எடை மிகுந்த 19 பேர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது கடைத்தெருவில் பேசிக்கொண்டே போகிற வேகத்தில், நடந்தார்கள். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் 24 சதவீதமும் இன்சுலின் ஏற்றம் 23 சதவீதமும் குறைந்தன. வேகமாக நடந்தபோது கிடைத்த பலன் இதைவிட அதிகம் கூடிவிடவில்லை: சர்க்கரையில் ஏறத்தாழ 30 சதவீதம், இன்சுலினில் அதே 23.

இவர்கள் நடுவயதினர் என்று யாரேனும் மறுக்கலாம். இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் சராசரி 24 வயதுள்ள, பருமனில்லாத பத்துப் பேரை வைத்து இதே 20 நிமிட இடைவெளி முறையைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஐந்து மணி நேரச் சர்க்கரைப் பரப்பு, தொடர்ந்து உட்கார்ந்தபோது 22.0, இடையிடையே நடந்தபோது 18.5. இடையிடையே எழுந்து வெறுமனே நின்றபோது 22.2. நிற்பது மட்டும் பலன் தரவில்லை. நின்றபடி வேலை செய்யும் மேசைகளை வாங்கிப்போடும் அலுவலகங்களும் கல்லூரிகளும் இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. தசை மாறி மாறிச் சுருங்கி விரிய வேண்டும், அதற்குக் கால் நகர வேண்டும்.

சென்னைக்கு இது எப்படிப் பொருந்துகிறது

மாஸ்ட்ரிக்ட் இளைஞர்களின் உடல் நிறைக் குறியீடு 22.6 என்றேன். நம் நாட்டில் அந்த எண்ணை வைத்து ஒருவரின் உடலை மதிப்பிட முடியாது. 2004-இல் மருத்துவ ஆய்வாளர்களான புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையும் ‘லான்செட்’ இதழில் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே குறியீடு, 22.3. உடற்கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பது தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. குளுக்கோஸை வாங்கிவைக்கும் களஞ்சியம் தொடக்கத்திலேயே சிறிது என்பது இதன் பொருள். ஒல்லியாக இருக்கிறான், அவனுக்கு என்ன சுகர் வரப்போகிறது என்று நம் வீடுகளில் சொல்வது இதனால்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் கணக்கெடுப்பு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அதே திட்டத்தின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் ஆய்வு செய்தபோது, 54.4 சதவீதத்தினர் உடலுழைப்பு போதாதவர்களாக இருந்தனர்.

நம்பிக்கை தரும் செய்தியும் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், தாங்குதிறன் குறைந்திருந்த 531 பேர் பங்கேற்றனர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு வந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அவர்கள் மாணவர்கள் அல்லர், நடுவயதினர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட நடையும் வேகமான அரைமணி நேர நடை. ஆயினும், எடை இறங்காமலேயே பலன் கிடைக்கும் என்பது, மாஸ்ட்ரிக்டில் நான்கே நாளில் கண்டதோடு ஒத்துப்போகிறது. தராசில் முள் நகரவில்லையே என்று இரண்டாவது வாரத்தில் நடையை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு மாணவரின் நாளில்

உணவுக்குப் பின் சர்க்கரை உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். நடை அந்த நேரத்தோடு பொருந்தினால் பலன் கூடுகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவுள்ள 41 பேரிடம், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றே. உணவுக்குப் பின் நடந்தபோது சர்க்கரை ஏற்றம் 12 சதவீதம் குறைவு, இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு. மாவுச்சத்து மிகுந்த உணவும் அதன்பின் நெடுநேர இருக்கையும் ஒன்றுசேருவது இரவில்தான்.

எனவே ஒரு விடுதி மாணவருக்கு நான் சொல்வது இதுதான். இரவு மெஸ்ஸில் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய வேண்டாம். வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும், வீட்டுக்குப் பேசும் தொலைபேசி அழைப்பை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். பேசிக்கொண்டே நடக்கும்போது மூச்சு வாங்கக் கூடாது. அந்த வேகமே இதற்குப் போதும். படிக்கும்போது ஒரு பக்கம் மனப்பாடம் செய்வதை நடந்தபடி செய்யலாம். நம் பாட்டன்மார் காலத்துத் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்து படித்தவர்கள் நிறையப் பேர். தண்ணீர்ப் புட்டியை மேசையில் வைத்துக்கொள்ளாமல் தாழ்வாரத்தில் வைத்தால், தாகம் எடுக்கும்போதெல்லாம் எழுந்தாக வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-இலேயே, நெடுநேரம் உட்காருபவர்கள் அரைமணிக்கு ஒருமுறை குறைந்தது மூன்று நிமிடம் மென்மையாக அசைய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவர்களும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மட்டும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. உணவுக்குப் பிந்தைய நடை அவர்களுக்குச் சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிச் சரிசெய்துகொண்டு, கையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்களில், தாய் தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ளவர்களும், கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துக் காணப்படுபவர்களும் வெறும் வயிற்றுச் சர்க்கரை எண்ணோடு நின்றுவிடாமல், அதே ரத்தத்தில் இன்சுலினையும் அளக்க முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இன்சுலினை மைக்ரோயூனிட்டிலும் சர்க்கரையை மில்லிகிராமிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண், இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட ஆக்ஸ்ஃபர்டில் 1985-இல் வகுத்த ஹோமா குறியீடு. சர்க்கரை 90, இன்சுலின் 5 என்றால் அது 1.1, அதே 90 சர்க்கரைக்கு இன்சுலின் 18 என்றால் 4. பரிசோதனைத் தாளில் சர்க்கரை எண் மட்டும் அச்சாகியிருந்தால் இந்த இருவரும் ஒருவராகவே தெரிவார்கள்.